கோப்பன்ஹேகனின் பழைய தேவாலயங்கள்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி
எழுதியவர்: கோட்டைவீதி ரீச்சர், யாழ்ப்பாணம்

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். டென்மார்க்கில் வசிக்கும் என் தம்பி குடும்பத்தைப் பார்க்க வரும் மே மாதம் மூன்று கிழமைக்குப் போகிறேன். அதில் நான்கு நாட்களைக் கோப்பன்ஹேகன் நகரத்துத் தேவாலயங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

எனக்குள்ள இடர்ப்பாட்டைச் சொல்கிறேன். நம்மூரில் ஒரு பழைய தேவாலயத்தின் முன்னால் நின்றால், சுவரின் கனத்தையும் முருகைக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் முகப்பின் வளைவையும் பார்த்து, இந்தப் பகுதி போர்த்துக்கேயர் காலத்தது, இது ஒல்லாந்தர் எழுப்பியது, இது அமெரிக்க மிஷனரிமார் கூரை மாற்றியது என்று ஓரளவுக்கு என்னால் சொல்ல முடியும். கோப்பன்ஹேகனைப் பற்றிப் படிக்கும்போதோ பரோக், ரொக்கோகோ, நவசெவ்வியல் என்ற ஐரோப்பியக் கட்டடப் பாணிகளின் பெயர்கள்தாம் மனத்தில் பதிகின்றனவே தவிர, எந்தக் கட்டடத்தில் எதைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்பது விளங்கவில்லை. பெயரை மனனம் செய்து கொண்டுபோய்க் கட்டடத்தின் மேல் ஒட்டிவிட்டுத் திரும்பி வர எனக்கு விருப்பமில்லை.

ஆகவே, எந்தெந்தத் தேவாலயங்களைத் தவறவிடக் கூடாது, ஒவ்வொன்றிலும் முதலில் கண் எங்கே போக வேண்டும் என்று அங்கு வாழ்பவர்களும் கட்டடத் துறை தெரிந்தவர்களும் சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும். வெளிப்புறத்தில் படிக்கட்டு சுற்றிச் செல்லும் ஒரு கோபுரத்தைப் படத்தில் கண்டேன். எனக்கு முழங்கால் நோ உண்டு. அதில் ஏறலாமா என்பதையும் அறியத் தாருங்கள்.


பதில் 1
எழுதியவர்: வடலியடைப்பான், கோப்பன்ஹேகன்

வணக்கம் ரீச்சர். நான் இந்நகரத்துக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. கட்டடக்கலை படித்தவன் அல்லன். ஆனால் விடுமுறைக்கு வரும் உறவினர்களை அழைத்துச் சென்று சென்று, சில கட்டடங்களை வீட்டு விறாந்தையைப் போல அறிந்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் படத்தில் கண்டது கிறிஸ்தியான்ஸ்ஹவ்ன் பகுதியிலுள்ள வோர் ஃப்ரெல்சர்ஸ் கிர்க்கே, அதாவது நம் மீட்பரின் தேவாலயம். தேவாலயத்தைக் கட்டியவர் லாம்பர்ட் வான் ஹாவன். பணி 1682இல் தொடங்கி 1696இல் நிறைவேறியது. கோபுரத்தின் உச்சியிலுள்ள திருகுக் கூம்பு அதே காலத்தது அன்று. அதை வடிவமைத்த லௌரிட்ஸ் டி தூரா பின்னைய தலைமுறையைச் சேர்ந்தவர். அது முடிந்தது 1752இல். ரோமாபுரியில் பொரோமினி என்ற கட்டடக் கலைஞர் கட்டிய சாந்த் இவோ ஆலயத்தின் திருகுமுடியைக் கண்டு பெற்ற எண்ணம் அது. உள்ளதை உள்ளபடி சொன்னால், கீழே நிற்கும் செங்கல் உடலும் மேலே சுழலும் கூம்பும் இரண்டு மனிதரின் இரண்டு குணங்கள். கீழுள்ளது நேராகவும் அடக்கமாகவும் நிற்கிறது, மேலுள்ளது ஆடுகிறது. இரண்டையும் பரோக் என்றுதான் புத்தகங்கள் அழைக்கின்றன. உங்களுக்கு ஏற்பட்ட குழப்பத்துக்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்.

மொத்தம் 400 படிகள். கடைசி 150 படிகள் வெளிப்புறத்தில் உள்ளன. முதலில் மர உத்தரங்களுக்கிடையே ஏணிபோன்ற ஒடுங்கிய படிகளில் ஏறி, ஒரு சிறு கதவைத் தாண்டினால் காற்று முகத்தில் அறையும். அங்கிருந்து மேலே போகப் போகப் படியின் அகலம் குறைந்துகொண்டே போய், இறுதிப் படியில் ஓர் ஆள் தோளைத் திருப்பி நிற்கவும் இடமிராது. அதற்கு மேல் பொன் முலாம் பூசிய உருண்டையும் அதன்மேல் கொடியேந்திய கிறிஸ்துவின் உருவமும் உள்ளன. மழை, பலத்த காற்று என்றால் கோபுரத்தை மூடிவிடுவார்கள். நோவுள்ள முழங்காலுடன் நீங்கள் ஏற வேண்டாம் என்பதே என் தாழ்மையான கருத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பிடிக்கும். எதிரே ஏறி வருபவர்களுக்கு வழிவிட்டு நிற்பதற்கும் இடம் போதாது.

ஏறவில்லையென்று வருந்தவும் வேண்டாம். உள்ளே போய் மேற்குச் சுவரைப் பாருங்கள். 1690களின் இறுதியில் செய்யப்பட்ட பெரிய ஓர்கன் வாத்தியம் அங்கே உயரத்தில் நிற்கிறது. அதைத் தாங்குவதுபோல் இரண்டு யானைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். டென்மார்க் அரசின் மிக உயர்ந்த விருதின் பெயரே யானை விருது. அதற்கு 1693இல் முறையான விதிகளை வகுத்தவர் மன்னர் ஐந்தாம் கிறிஸ்தியான். இந்தத் தேவாலயம் எழுந்ததும் அவருடைய ஆட்சியில்தான். அதே ஆண்டுகளில் வன்னியில் பிடிபட்ட யானைகளை ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் ஏலம் விட்டுக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதை நீங்கள் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். நான் முதன்முதலில் அந்த இரண்டு யானைகளையும் அண்ணாந்து பார்த்த நாளில் ஊர்காவற்றுறைத் துறைமுகந்தான் என் நினைவுக்கு வந்தது.

உயரத்திலிருந்து நகரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ருண்டெதோர்ன் என்னும் வட்டக் கோபுரத்துக்குப் போங்கள். நான்காம் கிறிஸ்தியான் மன்னர் 1637இல் தொடங்கி 1642இல் முடித்தது. உள்ளே படிகளுக்குப் பதிலாக, செங்கல் பாவிய சாய்தளம் ஏழரைச் சுற்றுச் சுற்றிக்கொண்டு மேலே செல்கிறது. உச்சியில் மட்டுந்தான் சில ஒடுங்கிய படிகள். வழியில் இடைக்கிடை ஆழமான சன்னல் திண்ணைகள் உண்டு; உட்கார்ந்து போகலாம். கோபுரத்தோடு ஒட்டியிருப்பது 1656இல் முடிந்த திரினிதாத்திஸ் தேவாலயம். கீழே மாணவர்களுக்கான தேவாலயம், அதன் மேல்மாடியில் பல்கலைக்கழக நூலகம், கோபுர உச்சியில் வானாய்வு நிலையம் என்று மூன்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்கியிருந்தார்கள்.

மார்மோர்கிர்க்கென் என்னும் பளிங்குத் தேவாலயத்தை நேரமிருந்தால் மட்டும் பாருங்கள். குவிமாடம் பெரியது, மற்றபடி அது பிற்காலத்துக் கட்டடம்.


பதில் 2
எழுதியவர்: மட்டக்கோல், நல்லூர்

ரீச்சருக்கு வணக்கம். நான் கட்டடப் படவரைஞனாக வேலை செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன் மகளிடம் போயிருந்தபோது, அளவு நாடாவும் குறிப்புப் புத்தகமுமாக இந்தத் தேவாலயங்களைச் சுற்றி வந்தேன். வடலியடைப்பார் சொன்னவை யாவும் சரி. பளிங்குத் தேவாலயம் பற்றிய கடைசி வரியில் மட்டும் நான் உடன்படவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாணியின் பெயரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முதலில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அந்த மண் என்ன பொருளைக் கொடுத்தது? உள்ளே கூடிய மக்கள் எதைப் பார்க்கவும் எதைக் கேட்கவும் அமர்ந்தார்கள்?

முதல் கேள்விக்கான விடை யாழ்ப்பாணத்தாருக்குச் சுலபமாகப் பிடிபடும். நமது குடாநாடு சுண்ணாம்புக்கல். ஆகவே நம் பழைய தேவாலயங்கள் முருகைக்கல்லும் சுட்ட சுண்ணாம்புமாக எழுந்தன. டென்மார்க்கின் பெரும்பகுதியோ பனிப்பாறைகள் அரைத்துப் பரப்பிவிட்டுப் போன களிமண். செதுக்குவதற்கு நல்ல கல் அருமை. அதனால் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே செங்கல் சுடுவதில் தேர்ந்துவிட்டார்கள். நகர நடுவில் எஞ்சியுள்ள மிகப் பழைய தேவாலயக் கட்டடமான சாங்த் பேத்ரி, பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பகுதிகளை உடையது. அது செங்கல் கோதிக், அதாவது கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியப் பாணியைச் செங்கல்லில் செய்தது. பிரான்சிலே கல்லில் பூவேலையாகச் செய்த கோதிக்கைச் செங்கல்லில் செய்ய முயன்றால் சிற்பம் குறைந்து, சுவர்ப்பரப்பும் படிப்படியாக ஏறும் முகட்டுச் சுவரும் முன்னுக்கு வரும். மீட்பரின் தேவாலயத்திலும் சுவர் செங்கல்தான். மணற்கல் வருவது உயர்ந்த அரைத்தூண்களின் அடியிலும் தலைப்பகுதியிலும். கல்லின் அருமையை அங்கேயே காணலாம்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. 1536இல் டென்மார்க், மார்ட்டின் லூதரின் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைத் தழுவி லூத்தரன் நாடாகியது. அதன்பின் வழிபாட்டின் நடு, போதகர் பேசும் பிரசங்கம். பேச்சு எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்றால், நீண்ட மண்டபத்தைவிட, நான்கு கைகளும் சமமாக உள்ள சிலுவை வடிவத் தரைப்படம் வசதியானது. யாரும் நடுவிலிருந்து வெகு தொலைவில் இருக்க மாட்டார்கள். மீட்பரின் தேவாலயம் அத்தகைய சமகைச் சிலுவை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய க்ரோய்ஸ் தேவாலயமும் சமகைச் சிலுவையே. பத்து ஆண்டு இடைவெளியில், ஒன்று பால்டிக் கடலோரத்திலும் ஒன்று பண்ணைக் கடலோரத்திலும் எழுந்தன. கிறிஸ்தியான்ஸ்ஹவ்ன் நகர்ப்பகுதியே ஒல்லாந்து நாட்டுப் பொறியியலைப் பின்பற்றிக் கால்வாய் வெட்டி அமைத்ததுதான். அந்தத் தேவாலயத்தின் நடுவில் நின்று நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்தபோது, நாம் கோட்டையில் இழந்த மண்டபத்தின் உடன்பிறப்பு ஒன்றுக்குள் நிற்பதாக எனக்குத் தோன்றியது.

அடுத்தது நகரத்தின் பேராலயமான வோர் ஃப்ரூ கிர்க்கே, நம் அன்னையின் தேவாலயம். அங்கிருந்த பழைய ஆலயம் 1728ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்தது, மீண்டும் கட்டினார்கள். 1807 செப்டெம்பரில் பிரித்தானியக் கடற்படை நகரத்தின் மீது இரவு இரவாகக் குண்டும் எரிவாணமும் எறிந்தபோது, கோபுரம் தீப்பற்றி இடிந்து ஆலயமும் அழிந்தது. இன்றைய கட்டடம் சி. எஃப். ஹான்சன் வடிவமைத்து 1829இல் திறக்கப்பட்டது. முகப்பில், பழங்கிரேக்கரின் எளிய பாணியான டோரிக் பாணியில் ஆறு தூண்கள். கோபுரம் கூம்பில்லாத தட்டையான சதுரம். உள்ளே சதுரக் குழிகள் பதித்த அரைவட்ட வளைகூரை. நவசெவ்வியல் என்றால் இதுதான் என்று விரல் நீட்டிக் காட்டலாம். ஆயினும் அந்த வெறுமைக்கு இன்னொரு காரணமும் உண்டென்று நான் எண்ணுகிறேன். போரில் எரிந்து கடன்பட்டுக் கிடந்த ஒரு தேசம், அலங்காரத்துக்குச் செலவழிக்க வழியின்றி, அளவின் ஒழுங்கை மட்டும் வைத்துக்கொண்டு கம்பீரம் காட்ட வேண்டியிருந்தது. ஹான்சன் அதில் வென்றார்.

உள்ளே சிற்பி பெர்த்தெல் தொர்வால்சன் வடித்த கிறிஸ்துவும் பன்னிரு அப்போஸ்தலரும் நிற்கின்றனர். யூதாசின் இடத்தில் பவுல் இருக்கிறார். திறப்பு விழாவுக்குச் சுதையில் வைத்தவற்றைப் பின்னர் பளிங்கில் மாற்றினார்கள். கிறிஸ்துவின் தலை குனிந்திருப்பதால், நின்றபடி தூரத்திலிருந்து பார்த்தால் முகம் நிழலுக்குள் போய்விடும். பீடத்தினருகே தாழ்ந்து அமர்ந்து அண்ணாந்தால்தான் பார்வை நம்மேல் விழும். கட்டடத்தோடு சேர்த்து எண்ணி வடித்த சிலை என்பதை அந்த இடத்தில் உணர்ந்தேன். முழங்கால் நோவென்றால் முன்வரிசை இருக்கையில் அமர்ந்து பாருங்கள், அதுவும் போதும்.

இனிப் பளிங்குத் தேவாலயம். ஐந்தாம் ஃப்ரெடரிக் மன்னர் 1749இல் அடிக்கல் நாட்டினார். வடிவமைத்த நிக்கொலை ஐக்ட்வெத் 1754இல் காலமானார். நோர்வேயிலிருந்து பளிங்கு இறக்கிச் செலவு தாங்காமல், 1770இல் பணி நிறுத்தப்பட்டது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல், அரசர்கள் வசிக்கும் மாளிகைகளுக்கு எதிரிலேயே, புல் முளைத்த இடிபாடாக அது கிடந்தது. கடைசியில் டீட்கன் என்ற வங்கியாளர் பணம் கொடுக்க, ஃபெர்டினாண்ட் மெல்டால் உயரத்தைக் குறைத்து, பளிங்குக்குப் பதிலாக உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்தி முடித்தார். திறந்த ஆண்டு 1894. ஆகவே வடலியடைப்பார் அதைப் பிற்காலத்துக் கட்டடம் என்பது பாதிதான் சரி. திட்டம் பதினெட்டாம் நூற்றாண்டின் ரொக்கோகோ. நிறைவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழமை நாட்டம். 145 ஆண்டுகள் ஒரே சுவரில் மேலும் கீழுமாக நிற்கின்றன. 31 மீற்றர் அகலமுள்ள குவிமாடம் பன்னிரண்டு தூண்களின் மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை நடுவில் நின்று பாருங்கள். பின்னர் வெளியே வந்து, நான்கு அமாலியன்போ மாளிகைகளுக்கிடையே நின்று திரும்பிப் பார்த்தால், ஒரு முழு நகர்ப்பகுதியின் அச்சில் இந்த ஆலயத்தை எங்கே வைக்க ஐக்ட்வெத் எண்ணினார் என்பது தெரியும்.


பதில் 3
எழுதியவர்: ஊரிக்காடு, கோப்பன்ஹேகன்

ரீச்சர், வணக்கம். நான் வல்வெட்டித்துறையில் கப்பலோட்டிய குடும்பத்தில் பிறந்தவள். அதனால் ஹோல்மென்ஸ் தேவாலயத்தைப் பற்றி ஒருவரும் சொல்லாமல் விட்டது எனக்குத் தாங்கவில்லை. 1560களில் கடற்படைக்கு நங்கூரம் அடிக்கும் பட்டறையாகக் கட்டிய கட்டடத்தை, 1619இல் நான்காம் கிறிஸ்தியான் கடற்படையினரின் தேவாலயமாக மாற்றினார். 1728இலும் 1795இலும் நகரத்தை விழுங்கிய இரண்டு பெருந்தீயிலும் அது தப்பியது. வளைந்து வளைந்து இறங்கும் ஒல்லாந்து மறுமலர்ச்சிப் பாணி முகட்டுச் சுவரை நீங்கள் கண்டவுடனேயே அறிந்துகொள்வீர்கள். உள்ளே பீடமும் பிரசங்க மேடையும் வர்ணம் பூசாத ஓக் மரத்தில் ஆபெல் ஷ்ரோடர் செதுக்கியவை. டென்மார்க்கின் பல தேவாலயங்களில் கூரையிலிருந்து மரக்கப்பல் மாதிரிகள் தொங்குவதைக் காண்பீர்கள்; கடலுக்குப் போனவர்களுக்காக நேர்ந்து கட்டியவை. நம்மூரில் அம்மனுக்கும் அந்தோனியாருக்கும் நேர்ந்து கொடுப்பதை அறிந்த எவருக்கும் அவற்றின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

நான்காவது நாளை முழுவதுமாகப் பிஸ்பெபியெர் மேட்டிலுள்ள குருன்ட்விக் தேவாலயத்துக்குக் கொடுங்கள். பழையது என்ற சொல்லுக்குள் அது அடங்குமா என்று யாரும் கேட்கலாம்; பணி தொடங்கியது 1921இல், முடிந்தது 1940இல். ஆனால் மட்டக்கோல் ஐயா சொன்ன செங்கல்லின் கதை வந்து சேரும் இடம் அதுதான். ஞானப்பாட்டுகளை எழுதியவரும் கல்வியாளருமான குருன்ட்விக்கின் நினைவாக அதை வடிவமைத்தவர் பி. வி. யென்சன் கிளின்ட். அவர் 1930இல் மறைந்தபின் மகன் கோரெ கிளின்ட் முடித்தார். நாட்டுப்புறத்துச் சிறு தேவாலயங்களின் படிமுகட்டுச் சுவரை எடுத்து, 49 மீற்றர் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்தால் எப்படியிருக்குமோ அதுதான் முகப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் ஓர்கன் குழல்களை நிரைத்ததுபோல் தெரியும். வடிவத்தாலேயே உணர்ச்சியை எழுப்பும் வெளிப்பாட்டியல் பாணி என்பார்கள்.

நான் அடிக்கடி அங்கே போய் அமர்வது வேறு காரணத்துக்காக. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மஞ்சள் செங்கற்கள், வேறொன்றுமில்லை. சுவர், தூண், கூர்வளைவு, பிரசங்க மேடை, பீடம் எல்லாம் அதே செங்கல். சித்திரமில்லை, பூச்சில்லை, வர்ணமில்லை. உட்சுவர்க் கற்களைக் கையால் தேய்த்து மழமழப்பாக்கியிருக்கிறார்கள். தூணில் கன்னத்தை வைத்தால் வெயிலில் காய்ந்த சட்டியின் வெளிப்புறம் போலிருக்கும். காலை பத்து மணிக்கு ஒளி உயர்ந்த சன்னல்களால் இறங்கும்போது, ஒரு தூணின் ஒரு முகம் தேன் நிறமாகவும் மறுமுகம் சாம்பலாகவும் மாறும். கோரெ கிளின்ட் செய்த மர நாற்காலிகளின் இருக்கை நாரால் பின்னியது. பின்னலைத் தடவிப் பாருங்கள், பனையோலை பின்னிய கைகளுக்கு அது அந்நியமாக இராது. தேவாலயத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் தந்தை யென்சன் கிளின்ட் அதே மஞ்சள் செங்கல்லில் திட்டமிட்டதால், தேவாலயம் தன் வீடுகளுக்கு நடுவிலிருந்து எழுந்ததுபோல நிற்கும்.

ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலையில் எந்தத் தேவாலயத்துக்கும் பார்வையாளராகப் போக வேண்டாம்; வழிபாட்டுக்குப் போவதென்றால் தாராளமாகப் போங்கள், முழு ஆராதனைக்கும் இருங்கள். மரணச் சடங்கோ திருமணமோ நடந்தால் வாசலில் அறிவிப்பு இருக்கும். அன்று வேறிடத்துக்குப் போய்விட்டுத் திரும்பலாம்.


பதில் 4
எழுதியவர்: வட்டுக்கோட்டை வாசகன்

ஒரு சிறு சேர்க்கை. தமிழோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு கட்டடத்தையும் ரீச்சர் மனத்தில் வைத்துக்கொண்டு போனால் நல்லது. 1620இலிருந்து தரங்கம்பாடி டென்மார்க்காரரின் கையில் இருந்தது. சீகன்பால்கு 1705இல் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே 1715இல் அச்சேறி முடிந்தது. அவர் எழுப்பிய புதிய எருசலேம் தேவாலயம் 1718இல் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் நான்காம் ஃப்ரெடரிக் மன்னரின் முடியும் பெயர்முத்திரையும் இன்றும் உள்ளன. கோப்பன்ஹேகனில் அக்காலத்துக் கட்டடங்களில் அதேபோன்ற முடிசூடிய எழுத்துப் பின்னல்களை நீங்கள் பல இடங்களில் காண்பீர்கள். மன்னரின் பெயருக்கேற்ப எழுத்து மாறும். அதைப் படிக்கப் பழகிவிட்டால், எந்த மன்னர் காலத்துச் சுவர் என்பதை வழிகாட்டிப் புத்தகம் இல்லாமலே கண்டுகொள்ளலாம்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கோட்டைவீதி ரீச்சர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் நாள் கிறிஸ்தியான்ஸ்ஹவ்னும் ஹோல்மென்ஸும், இரண்டாம் நாள் வட்டக் கோபுரமும் பேராலயமும், மூன்றாம் நாள் சாங்த் பேத்ரியும் பளிங்குத் தேவாலயமும், நான்காம் நாள் குருன்ட்விக் என்று எழுதி வைத்துவிட்டேன். கோபுரத்தில் ஏற மாட்டேன் என்று தம்பிக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மட்டக்கோல் ஐயா கோட்டைத் தேவாலயத்தைக் குறிப்பிட்ட வரிகளைப் பலமுறை படித்தேன். பள்ளிக்காலத்தில் எங்களை அங்கே அழைத்துச் சென்ற ஆசிரியை, தரையில் பதித்திருந்த ஒல்லாந்தக் கல்லறைக் கற்களின் மேல் மிதிக்காமல், ஒரு கையின் முனையிலிருந்து மறு கையின் முனைவரை அடிவைத்து எண்ணச் சொன்னார். குறுக்காகவும் எண்ணினோம். இரண்டும் ஒரே எண்ணிக்கை வந்தபோதுதான் சமகை என்றால் என்னவென்று விளங்கியது. எத்தனை அடி என்பதை எழுதிய கொப்பி வீட்டோடு போய்விட்டது. தேவாலயமும் போரில் போய்விட்டது. இப்போது அங்கே சென்றால் இடிந்த முருகைக்கற்களின் மேட்டைத்தான் காண்கிறேன்.

மீட்பரின் தேவாலயத்தில் அவ்வாறு அடிவைத்து அளந்தால் அங்குள்ளவர்கள் ஆட்சேபிப்பார்களா?


பதில் 5
எழுதியவர்: வடலியடைப்பான், கோப்பன்ஹேகன்

ஆட்சேபிக்க மாட்டார்கள் ரீச்சர். வழிபாடில்லாத வேலைநாளில், காலையில் கதவு திறந்தவுடனே வாருங்கள். சுற்றுலாப் பயணிகள் நேரே கோபுரப் படிக்குப் போய்விடுவார்கள், உள்மண்டபம் அமைதியாக இருக்கும். இருக்கை வரிசைகளுக்கு நடுவிலுள்ள நடைபாதையில் கிழக்கு மேற்காக நீங்கள் எண்ணுங்கள். வடக்குத் தெற்காக நான் எண்ணுகிறேன். நீங்கள் வரும் நாளைத் தம்பி மூலம் முன்கூட்டியே அறியத் தந்தால், அன்று மாலை வேலை முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நான் வந்துவிடுவேன்.